கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

தன் வீட்டிற் புதைந்து கிடக்கும் பொருளின் பெறுமதியைப் பிறர் எடுத்துக் காட்டிய பின்னரே ஒரு சமூகம் அறிந்துகொள்வதுண்டு. எடுத்துக் காட்டுபவர் அயலாராக இருந்தால் நாணம் மிகும். நம்மவராக இருந்தால் நன்றி மிகும். ஈழத்துத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாய்ப் பிறந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, இந்நாட்டு மலைகளிலே கனிப்பொருள் ஆராய்ந்து, இறுதியிற் கீழைத்தேயக் கலைகளின் பொருளை உலகுக்கு உரைத்த பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி நம்மவரே. அவர் பெயரைக் கேளாதார் நம்முள் மிகச் சிலரே. ஆயினும் அவர் என்ன செய்தார் என்று வினவினால், நடராச வடிவத்தின் பெருமையை எழுதினார் என்ற ஒரு வரியோடு பலரும் நின்றுவிடுகின்றோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிற்கும் வாழ்வை நமது மன்றத்து இளைஞரும் பெரியோரும் ஒருங்கே நினைந்து பார்த்தல் தகும் எனக் கருதி இதனை வரைகின்றோம்.

பிறப்பும் வளர்ப்பும்

அன்னாரின் தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் வீற்றிருந்த பெருமகன். கிறித்தவரும் யூதரும் அல்லாதாருள் இங்கிலாந்திலே முதன்முதலிற் பாரிஸ்டர் ஆனவர் அவரே. நம் பாட்டன்மார் விடிய விடியக் கூத்திற் கண்ட அரிச்சந்திரன் கதையை 1863-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஆக்கி வெளியிட்டவரும் அவரே. பாளி மொழியிலிருந்தும் பௌத்த நூல்களை மொழிபெயர்த்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய சகோதரியின் புதல்வர்கள். இவர் மணந்த எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைச் சேர்ந்த பெண்மணி.

இவ்விருவருக்கும் ஒரே மகனாக 1877-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22-ஆம் நாள் கொழும்பிலே ஆனந்தர் தோன்றினார். அதே ஆண்டின் முதல் நாளிலேதான் கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. பின்னாளில் அந்த நூதனசாலையின் செப்புத் திருமேனிகளை ஆராய்ந்து நூல் எழுதப்போகும் மகன் அவ்வாண்டிலேயே பிறந்தமை நினைக்க இனிக்கும் ஒற்றுமையாகும்.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பு முன்னரே தாயும் சேயும் இங்கிலாந்து சென்றனர். பின்னாற் செல்லவிருந்த தந்தையார் 1879-ஆம் ஆண்டிலே காலமானார். தமிழைத் தந்தையின் மடியிலிருந்து கற்கும் பேறு அவருக்கு இல்லாது போயிற்று. விக்ளிப் கல்லூரியிலும் பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் பயின்று, 1900-ஆம் ஆண்டில் நிலவியலிலும் தாவரவியலிலும் சிறப்புப் பட்டம் பெற்றார். இது வரைக்கும் அவர் வாழ்வு ஆங்கில இளைஞன் ஒருவனின் வாழ்வாகவே இருந்தது.

கல்லை ஆராய வந்தவர்

1903-ஆம் ஆண்டு முதல் 1906-ஆம் ஆண்டு வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்கு அவர் இயக்குநராகப் பணியாற்றினார். கண்டிக்கு அண்மையிற் கிடைத்த புதுவகைக் கனிப்பொருள் ஒன்றை 1903-இல் பிரையர் என்ற அறிஞரோடு சேர்ந்து விளக்கி எழுதினார். இத்தீவின் பழம்பெயரான செரண்டிப் என்பதை ஒட்டி அதற்குச் செரண்டிபைற் என்று பெயரிடப்பட்டது. 1904-இல் அவர் கண்ட மற்றொரு கனிப்பொருள், தோரியம் மிகுந்த புதுவகை எனச் சோதனையில் தெரியவந்து தோரியனைற் எனப் பெயர் பெற்றது. இலண்டன் பல்கலைக்கழகம் 1906-இல் அவருக்கு விஞ்ஞானக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் விஞ்ஞான நூல்களில் நிலைத்திருக்கும். ஆனால் பாறை தேடிக் கண்டிப் பிரதேசத்துக் கிராமங்களினூடே திரிந்தவர் கண்ணிற் பாறை மட்டும் படவில்லை. அங்கே தந்தம் செதுக்குவோர், பித்தளை வார்ப்போர், அரக்கு வேலை செய்வோர், பாய் பின்னுவோர், நெசவாளர், தேவாலயத் தூண்களில் மரச்சிற்பம் பொறித்தோரின் வழித்தோன்றல்கள் ஆகியோர் தொழில் குறைந்து நலிந்து கிடந்தனர். அரசனின் ஆதரவு போயிற்று. கப்பலில் வந்த மலிவுச் சாமான் கடைத்தெருவை நிரப்பிற்று. கைத்திறன் உடையவன் தன் மகனுக்கு அதைக் கற்பிக்க மனமில்லாதிருந்தான். இக்காட்சி அவரைத் தடுத்து நிறுத்திற்று. அவருடைய மனைவியார் எதெல் மேரி நிழற்படம் பிடித்தும், தையல் நெசவு முதலியவற்றை ஆராய்ந்தும் துணை நின்றார்.

இரவல் வாங்கிய இறகுகள் என்ற கருத்தமைந்த தலைப்போடு 1905-இற் கண்டியிலே ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டு, ஐரோப்பிய நடையுடைகளைக் கண்மூடிப் பின்பற்றுதலைக் கண்டித்தார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்து, தாய்மொழியிற் கல்வி வேண்டும் என்று வாதாடினார். ஆங்கிலம் மட்டுமே வீட்டு மொழியாகப் பெற்று வளர்ந்தவர் இதனைக் கூறினார் என்பதை நாம் மறத்தலாகாது. தாம் இழந்தது இன்னதென்று அவர் அறிந்திருந்தார்.

சிங்களக் கலைக்கு ஒரு தமிழ்மகன்

1907-இல் இங்கிலாந்து மீண்டவர், கண்டியிற் கண்டவற்றையெல்லாம் ஒரு பெருநூலாக்கினார். இடைக்காலச் சிங்களக் கலை என்ற அந்நூல் 1908-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கைத்தொழிலுக்கு மீண்டும் மதிப்புத் தேடிய வில்லியம் மொறிஸ் என்ற ஆங்கிலக் கவிஞர் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியிலே, தம் சொந்த மேற்பார்வையில் 425 பிரதிகள் மட்டும் அச்சிட்டார். கைவினைஞரைப் பற்றிய நூல் கைவினையாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம்.

சிங்கள மக்களின் கலைகளுக்கு முதற்பெரும் ஆராய்ச்சி நூல் தந்தவர் ஒரு தமிழரின் மகன். இனத்தின் பெயராற் பின்னாளில் இந்நாடு பட்ட துன்பங்களை எண்ணும்போது இவ்வுண்மை மேலும் ஒளிவிடுகின்றது. தன்னுடையதை மதிக்கத் தெரிந்தவனே பிறனுடையதையும் மதிப்பான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பழிச்சொல்லும் மறுமொழியும்

அந்நாளில் ஐரோப்பாவிலே சிற்பம் என்றால் கிரேக்கர் சிற்பம். அதற்கடுத்து இத்தாலியின் மறுமலர்ச்சிக் காலச் சிற்பம். மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை ஒரே சலவைக்கல்லிற் செதுக்கிய தாவீது சிலையைக் காணப் புளோரன்ஸ் நகருக்கு யாத்திரை செல்வது போற் சென்றனர். ஐந்து மீற்றருக்கும் மேல் உயர்ந்த அவ்வுருவில் நரம்பும் தசையும் உயிருள்ள மனிதனுக்குப் போலவே அமைந்திருக்கும். அந்த அளவுகோலை எடுத்து வந்து நமது கோயில் வடிவங்களின்மேல் வைத்துப் பார்த்தவர்கள், நான்கு கை எதற்கு என்றும், தசைநார் எங்கே என்றும் கேட்டனர்.

1910-ஆம் ஆண்டில் இலண்டனிலே ஹாவெல் என்பார் இந்தியக் கலை பற்றி உரையாற்றிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய சேர் ஜோர்ஜ் பேர்ட்வுட், இந்தியாவில் நுண்கலை என்பதே இல்லை என்று கூறினார். தியானத்தில் அமர்ந்த சாவகத்துப் புத்தர் வடிவம் ஒன்றை அவித்த மாப்பண்டத்துக்கு ஒப்பிட்டார். இதைக் கேட்டு ஆங்கிலக் கலைஞரும் திறனாய்வாளருமாகிய பதின்மூவர் தைம்ஸ் பத்திரிகையில் மறுப்பு எழுதினர். ஹாவெல், ஆனந்தர், ஓவியர் ரொதென்ஸ்டைன் முதலியோர் அவ்வாண்டிலேயே இந்தியக் கழகத்தை நிறுவினர்.

ஆனந்தர் பழிக்குப் பழி கூறினாரல்லர். மறுமலர்ச்சிச் சிற்பி காண்கின்ற உடலைக் கல்லிற் படைக்க முயன்றான். நம் சிற்பியோ தியானத்தில் உணர்ந்த பொருளை உலோகத்தில் நிறுத்த முயன்றான். நோக்கம் வேறானால் அளவும் வேறு. இதனைப் பொறுமையோடு நூல் நூலாக எடுத்துரைத்தார். மறுமலர்ச்சிக்கு முந்திய ஐரோப்பியக் கிறித்தவக் கலையும் நமது கலையும் ஒரே மொழி பேசுவன என்றும் அவர் கண்டார். ஆதலின் மிஷன் பள்ளிகளிற் பயின்ற நம் போன்றோர்க்கு அவர் நூல்கள் ஒரு பாலம். நாம் கற்ற ஒன்றை வெறுக்கச் சொல்லாமலே, மறந்த ஒன்றை நினைவூட்டுகின்றார்.

ஆனந்தக் கூத்தின் பொருள்

சிவபெருமானின் நடனம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912-இல் சென்னையிலிருந்து வெளிவந்த சித்தாந்த தீபிகை என்ற சைவ சஞ்சிகையில் முதலில் வெளியாயிற்று. 1918-இல் அதே பெயர் தாங்கிய கட்டுரைத் தொகுதி நியூயோர்க்கிலே அச்சாயிற்று. உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய நம் நூல்களைத் துணைக்கொண்டே அவர் பொருள் உரைத்தார். உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அமைந்த கை காத்தலையும், அனல் ஏந்திய கை அழித்தலையும், ஊன்றிய திருவடி மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் குறிக்கும். காலின் கீழ்க் கிடக்கும் முயலகன் அறியாமை. சூழ்ந்த திருவாசி இயங்கும் பேரண்டம். அக்கூத்து நிகழும் தில்லை நம் உள்ளமே. நான்கு கை எதற்கு என்ற கேள்விக்கு இதுவே விடை.

பிரான்சின் மாபெரும் சிற்பி ரோடினையும் இவ்விடத்தில் நினைத்தல் வேண்டும். 1875-76-இல் இத்தாலிக்குச் சென்று மைக்கலாஞ்சலோவின் சிலைகளை நேரிற் கண்டு, அதனாற் புத்துயிர் பெற்றவர் அவர். சென்னை நூதனசாலையிலுள்ள நடராசத் திருமேனியை அவர் ஒருபோதும் நேரிற் கண்டதில்லை. அதன் நிழற்படங்களை மட்டும் பார்த்து வியந்து எழுதினார். ரோடின் 1917-இல் மறைந்தார். அவர் எழுத்து ஆனந்தரின் கட்டுரையோடும் ஹாவெலின் கட்டுரையோடும் 1921-இல் ஒரே நூலாக வெளிவந்தது. படத்தைப் பார்த்தே அப்பெருஞ்சிற்பி அவ்வளவு கண்டார் என்றால், நேரிற் காணக்கூடிய நாம் எவ்வளவு காணலாம்!

நேரிற் கண்டமை

பொலநறுவையைச் சோழர் 11-ஆம் நூற்றாண்டிலே தலைநகராக்கி ஜனநாதமங்கலம் எனப் பெயரிட்டு ஆண்டனர். அங்குள்ள சிவாலய இடிபாடுகளில் 1907, 1908-ஆம் ஆண்டுகளில் நடந்த அகழ்வின்போது நடராசர், சுந்தரமூர்த்தி நாயனார், காரைக்கால் அம்மையார் முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றைப் பற்றியே ஆனந்தர் 1914-இற் கொழும்பு நூதனசாலைக்காக ஒரு நூல் எழுதினார்.

பல்கலைக்கழக விடுமுறை ஒன்றில் நம்முட் சிலர் அற்றனிலிருந்து இரயிலேறி, கறுவாத்தோட்டத்திலுள்ள அந்த நூதனசாலைக்குச் சென்றிருந்தோம். தேயிலை மலைகளை விட்டிறங்கி, கொழும்பின் வெக்கையில் நடந்து, அவ்வெள்ளைக் கட்டிடத்தின் குளிர்ந்த கூடத்துள் நுழைந்தபோது, புத்தகத்தில் உள்ளங்கை அளவாகக் கண்ட கூத்தன் நம்மெதிரே நின்றான். தாவீது சிலையோடு உயரத்தில் ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் படம் காட்டாத ஒன்றை நேரிற் கண்டோம். படத்தில் நான்கு கைகளும் ஒரே தளத்திற் கிடக்கும். நேரிலோ ஒவ்வொன்றும் தனித்தனி ஆழத்தில் நிற்கின்றது. ஓரடி இடப்புறம் நகர்ந்தால் வீசிய கை முன்வருகின்றது. வலப்புறம் நகர்ந்தால் அபயக் கை முன்வருகின்றது. பார்ப்பவன் நடக்க நடக்கக் கூத்தும் நடக்கின்றது. காலில் அத்துணை வேகம். முகத்திலோ அசைவற்ற அமைதி. இவை இரண்டையும் ஒரே உடலில் வைத்தவன் கையை எண்ணி நெடுநேரம் நின்றோம்.

எங்களுடன் தோழர் ஒருவரின் பாட்டியாரும் வந்திருந்தார். கண் வைத்தியத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த கை அவருடையது. கூடத்து வாயிலிலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். திருமேனியின் முன் கும்பிட்டு நின்று, பின் எங்களைப் பார்த்து, இங்கே சாமிக்கு யார் விளக்கு வைக்கிறார்கள் என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் நோக்கினோம். இது கோயிலன்று, அம்மா என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அதற்கு அவர், சாமி சாமிதானே என்றார்.

ஆனந்தர் தம் பிற்கால நூல்களில் மீண்டும் மீண்டும் எழுப்பிய கேள்வி இதுவேயாகும். நூதனசாலையிலுள்ள பொருள் எதுவும் நூதனசாலைக்கென்று செய்யப்பட்டதன்று. ஒன்று வழிபடச் செய்தது. ஒன்று உண்ணச் செய்தது. ஒன்று உடுக்கச் செய்தது. அது எதற்காகச் செய்யப்பட்டது என்று அறியாதவன் அதன் அழகையும் அறியான் என்பது அவர் கொள்கை. மைக்கலாஞ்சலோவின் பியெத்தா என்ற சிலையும், இறந்த மகனை மடியிலேந்திய அன்னை மரியாளாக, ஒரு கர்தினாலின் கல்லறை வழிபாட்டிடத்துக்கென 1499 அளவிற் செய்து முடிக்கப்பட்டதே. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அதனைச் சேதப்படுத்திய பின்னர் உரோமாபுரிப் பேராலயத்திற் கண்ணாடிக்குப் பின்னால் அது இருக்கின்றது. அங்கும் ஒரு மூதாட்டி வந்து நின்று செபமாலை உருட்டக்கூடும். அவளும் நம் பாட்டியாரும் பார்ப்பதை, விலையும் காலமும் மட்டும் விசாரிப்பவர் பார்ப்பதில்லை.

பெயர் பொறியாத கைகள்

செப்புத் திருமேனி வார்க்கும் முறை கடினமானது. தேன்மெழுகிற் குங்கிலியம் சேர்த்து முழு வடிவத்தையும் முதலில் ஆக்குவர். அதன்மேல் வண்டல் மண்ணைப் படிப்படியாகப் பூசி உலர்த்துவர். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஆறிய பின் மண் கருவை உடைத்தே வடிவத்தை எடுத்தல் வேண்டும். ஆகவே ஒரு கருவுக்கு ஒரு திருமேனிதான். தவறினால் எல்லாம் மறுபடியும். மெழுகை உருக்கி வார்க்கும் இம்முறையிலேயே மறுமலர்ச்சிக் காலத்துச் செல்லினி, தம் பேர்சியுஸ் சிலையை 1554-இற் புளோரன்சிலே நிறைவேற்றினார். அந்த வார்ப்பின் இடர்களைத் தம் சுயசரிதையில் விரிவாக எழுதியும் வைத்தார். அவருக்கு நூற்றாண்டுகள் முன்னே நம் கூத்தனை வார்த்தவனோ பெயரைக்கூட விட்டுச் செல்லவில்லை.

பெயர் விட்டுச் செல்லாமை குறையன்று என்பார் ஆனந்தர். கலைஞன் ஒரு தனி இன மனிதனல்லன். ஒவ்வொரு மனிதனும் தன் தொழிலில் ஒரு கலைஞனாக இருத்தல் வேண்டும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து. காடு வெட்டி, வீதி அமைத்து, மலைச்சரிவில் நிரை பிடித்துத் தேயிலை நட்ட நம் முன்னோரும் பெயர் பொறித்துச் சென்றாரல்லர். கையால் உழைப்பவனைத் தாழ்ந்தவன் என எண்ணும் உலகில், அக்கையின் அறிவைப் போற்றியவர் ஆனந்தர். அவர் நமக்கு நெருங்கியவராவது இதனாலேயே.

பொஸ்ரனில் முப்பது ஆண்டுகள்

தாம் திரட்டிய ஓவியங்களையும் சிற்பங்களையும் இந்தியாவுக்கே கொடுக்க அவர் விரும்பினார். காசியில் ஒரு நூதனசாலை அமைத்தால் யாவும் தருவேன் என்றார். வேண்டிய பொருள் திரளவில்லை. முதலாம் உலகப் போரின்போது, இந்தியா அடிமைப்பட்டிருக்கையிற் பிரித்தானியாவுக்காகப் போரிட மறுத்தார். 1917-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சேகரிப்பும் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சேர்ந்தனர். அபிநய தர்ப்பணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்வாண்டிலும், இந்திய இந்தோனேசியக் கலை வரலாறு 1927-இலும், இயற்கை கலையிற் பெறும் மாற்றம் பற்றிய நூல் 1934-இலும் வெளிவந்தன.

1947-ஆம் ஆண்டு ஓகஸ்டில் இந்தியா விடுதலை பெற்ற ஒரு வாரத்தில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அறிஞர் எடுத்த விழாவில், பணியிலிருந்து ஓய்ந்து இந்தியா சென்று தவவாழ்வு வாழப்போவதாக அறிவித்தார். அது கைகூடவில்லை. அடுத்த மாதம் 9-ஆம் நாள் பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நீடாமில் இறைவனடி சேர்ந்தார்.

2004-இல் இந்திய அரசு, ஜெனீவாவிலுள்ள அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்துக்கு நடராசத் திருமேனி ஒன்றை வழங்கியது. அருகேயுள்ள பலகையில் ஆனந்தரின் கருத்துப் பொறிக்கப்பட்டுள்ளது. தோரியம் மிகுந்த கனிப்பொருளை 1904-இற் கண்டெடுத்த விஞ்ஞானியின் சொல், அணுவை ஆராய்வோர் வாயிலில் கூத்தனுக்குப் பொருள் கூறி நிற்கின்றது.

நமது கடன்

இளைஞர்களே, அன்னாருக்கு நாம் செய்யும் நன்றி மாலை சூட்டுவதோடு முடிவதன்று. மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கின்றது, சிவன் நெற்றிக்கண் திறக்கின்றான், காமன் எரிகின்றான், இரதி புலம்புகின்றாள். தப்பு அடிப்பவர் யார், பாடுபவர் யாரிடம் கற்றார், அவருக்குப் பின் யார் பாடுவார் என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்? கண்டிக் கிராமங்களில் ஆனந்தர் கேட்டது இக்கேள்வியைத்தான். அதனாலேயே ஒரு கலையின் கதை எழுத்தில் நின்றது. ஒவ்வொரு தோட்டத்துக் கூத்தையும் பாட்டையும் எழுதியும் ஒலிப்பதிவு செய்தும் வைப்பதை நமது மன்றம் ஒரு பணியாக மேற்கொள்ளலாம்.

பெரியோர்களே, தாங்கள் அறிந்ததை எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கள் பள்ளிப் படிப்பு அதற்குத் தடையென எண்ண வேண்டாம். பிறந்த மண்ணை இரண்டு வயதிற்குள்ளேயே பிரிந்தவர், தந்தையின் மொழியைக் கேளாது வளர்ந்தவர், இருபத்தாறாம் வயதளவில் திரும்பி வந்து இத்தனையும் கண்டார் என்றால், இம்மண்ணிலேயே பிறந்து, தமிழிலேயே பேசி, கோயில் மணியோசை கேட்டே விழிக்கும் நாம் காண முடியாதது ஒன்றுமில்லை. வேண்டுவது பார்க்கும் விருப்பம் ஒன்றே.